திறக்காத சுரங்கம்

தேர்தல் கூட்டத்தில் யோஸ்வா பேசுவார் என்று பெயர் கொடுத்தது அவர் மனைவி தபேயாதான். கிரீன்லாந்தின் தெற்கே, நர்சாக் ஊர்க் கட்சிக் கிளைக்கு அவள்தான் தலைவி. கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டிய காப்பிக் கோப்பைகளைச் சமையலறையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ரொம்ப இழுக்காத. கட்சி ஆரம்பிச்ச கதையச் சொல்லு. யுரேனியம் வேண்டாம்னு சொல்லு. எறங்கிடு. நூக்லேருந்து வந்திருக்கிற பொண்ணு மிச்சத்தப் பேசிக்கும்."

யோஸ்வா ஜன்னலருகே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்குக் கரையிலிருந்து முனையைச் சுற்றிக்கொண்டு வந்த பனிக்கட்டிகள் குடாவை அடைத்துக் கிடந்தன. ஒரு வாரமாகப் படகுகள் கடலுக்குப் போகவில்லை. துறையில் கட்டிக் கிடந்த படகொன்றின் மேல் யாரோ ஒருவன் ஏறி நின்று, செய்வதற்கு ஒன்றும் இல்லாததுபோல், கயிற்றைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான்.

"காதுல விழுந்துச்சா, தோழரே?"

கிண்டலாக இருந்தாலும் கோபமாக இருந்தாலும்தான் அவள் அவரைத் தோழர் என்பாள். இப்போது எது என்று அவருக்குப் புரியவில்லை. "விழுந்துச்சு" என்றார்.

அந்தச் சொல்லை அவர்கள் கற்றுக்கொண்டது கோபன்ஹேகனில், எழுபதுகளின் நடுவில். அவர் தச்சுவேலை பழகப் போயிருந்தார், அவள் செவிலியர் படிப்புக்கு. கிரீன்லாந்துப் பிள்ளைகள் கூடும் ஒரு வீட்டின் நிலவறையில், சிகரெட்டுப் புகை கண்ணைக் கரிக்க, சனிக்கிழமைகளில் பேச்சு நடக்கும். நம் நாட்டை நாமே ஆள வேண்டும், நம் மீனும் நம் கல்லும் நமக்கு, டென்மார்க்காரன் போட்ட பிச்சையில் வாழ்ந்தது போதும். அங்கே வந்த ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு காரணம் இருந்தது. ஒருத்தியை ஆறு வயதில் டேனிஷ் குடும்பத்தோடு தங்கிப் படிக்க அனுப்பியதில் தாய்மொழி மறந்துபோயிருந்தது. ஒருவனுக்கு அதே வேலைக்கு டேனிஷ்காரனைவிடக் குறைந்த கூலி. தபேயாவின் காரணம் மருத்துவமனையில் அவள் பார்த்தவை. அதை அவள் கல்யாணத்துக்குப் பிறகுகூட முழுதாகச் சொன்னதில்லை.

யோஸ்வாவின் காரணம் குல்லிஸ்ஸாத். டிஸ்கோ தீவில் நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி இருந்த ஊர். அவர் தாத்தா, அப்பா, பெரியப்பா எல்லோருமே அந்தக் கறுப்புத் தூசியில் இருமி வளர்ந்தவர்கள். நாட்டிலேயே பெரிய ஊர்களில் ஒன்று. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பெயர்போனது. சுரங்கம் நட்டத்தில் ஓடுகிறது என்று மேலே இருந்தவர்கள் கணக்குப் பார்த்து மூடினார்கள். கப்பல் வந்தது. ஆட்களை ஊர் ஊராகப் பிரித்து இறக்கியது. யோஸ்வாவின் குடும்பத்துக்குத் தெற்கே ஓர் அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. அங்கே பனிச்சறுக்கு நாய்கள் வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. கப்பலேறும் முன் அப்பா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நாய்களைக் கரைக்கு நடத்திப் போனார். யோஸ்வாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. துப்பாக்கியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அப்பா கொடுக்கவில்லை.

அடுக்குமாடியில் அப்பா மாடிப்படியிலேயே உட்கார்ந்திருப்பார். வழியை அடைக்கிறார் என்று பக்கத்து வீட்டார் புகார் சொன்னார்கள். இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

ஆகவே இனுயித் அத்தகாதிகீத் என்ற பெயரில், மனிதர்கள் எல்லோரும் ஒன்று என்று பொருள்படும்படியாக ஒரு கட்சி பிறந்தபோது, அதில் சேர யோஸ்வா யோசிக்கவே இல்லை. தபேயாவைக் கட்டிக்கொண்டு அவளுடைய ஊரான நர்சாக்குக்கு வந்தார். இருவரும் சேர்ந்து கிளையைத் தொடங்கினார்கள். தன்னாட்சிக்கான வாக்கெடுப்பு வந்தபோது, இது அரைகுறை, எங்களுக்கு முழுசும் வேண்டும், எதிர்த்துப் போடுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். ஊர் சிரித்தது. அந்த வசந்தத்தில் நடந்த முதல் தேர்தலில் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. தபேயாவின் அப்பாவே, "எங்க வீட்டு ரஷ்யாக்காரங்க வந்துட்டாங்க" என்று கதவைத் திறப்பார். பிறகு ஐரோப்பியப் பொதுச் சந்தையை விட்டு நாடு வெளியேறச் சொல்லி அலைந்தார்கள், அதில் ஜெயித்தார்கள். கட்சி இரண்டு இடம் பிடித்தது, கூட்டணியில் சேர்ந்தது, உடைந்தது, மறுபடி சேர்ந்தது. புரட்சி என்ற சொல் எப்போது துண்டறிக்கைகளிலிருந்து காணாமல் போனது என்று யாருக்கும் ஞாபகமில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் முதல்முறையாக ஆட்சியைப் பிடித்தபோது, யோஸ்வா அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். தபேயா சமையலறையில் அவரை இழுத்துப் பிடித்து ஆடியதில் அலமாரியிலிருந்து தட்டுகள் விழுந்து உடைந்தன.

அதற்குள் ஊர் தேயத் தொடங்கியிருந்தது. இறால் பதப்படுத்தும் ஆலை மூடியது. கடையில் பொருள்கள் குறைந்தன. பள்ளியில் இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கினார்கள். ஊருக்குப் பின்னால் உள்ள மலையில் உலகத்துக்கே வேண்டிய உலோகங்கள் கிடக்கின்றன என்று வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வந்து துளைபோட்டுப் பார்த்தது. ஆனால் அந்த உலோகங்களோடு யுரேனியமும் கலந்திருந்தது. ஊர் இரண்டாகப் பிளந்தது. வண்டிகளின் பின்கண்ணாடியில், குழந்தைகளின் சட்டையில் எல்லாம் "யுரேனியமா? வேண்டாம்" என்று மஞ்சள் வில்லை. அந்த வில்லையில்லாத வீடுகளை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

யோஸ்வாவின் மகன் பாவியா அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தான். ஆராய்ச்சிக்காரர்களை மலைக்கு ஏற்றிப் போவான், துளையிட்டு எடுத்த கற்களைக் கொட்டகையில் வரிசையாக அடுக்கி வைப்பான். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு கடல்நாய்க் கறிச் சூப்பு குடிக்க வந்தவன், அம்மா எழுந்து உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அப்பா, சுரங்கம் இல்லேன்னா நாங்க டென்மார்க்குக்கே போயிடுவோம், ஆல்போர்க்குக்கு. அவ அண்ணன் அங்க இருக்கான். வேலை பாத்து வச்சிருக்கான்."

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"நீங்களே சொல்லிடுங்க. அவங்ககிட்ட எதச் சொன்னாலும் கூட்டத்துல பேசற மாதிரி பதில் வருது."

யோஸ்வா சொல்லவில்லை. சொல்லும் நேரம் எதுவென்று பார்த்துக்கொண்டே இருந்ததில் கூட்டத்து நாள் வந்துவிட்டது.

ஊர் மன்றத்தில் நாற்காலிகள் போதவில்லை. மலையடிவார ஆட்டுப் பண்ணைக்காரர்கள் பின்சுவரோரம் ஈரக் காலணிகளோடு நின்றார்கள். தபேயாவின் தம்பி ஏனோக்கும் அவர்களில் ஒருவன். தலைநகர் நூக்கிலிருந்து வந்த வேட்பாளர் அர்னாக்குக்கு முப்பது வயதுகூட இருக்காது. யோஸ்வாவைக் கையைப் பிடித்து மேடையேற்றி, "இவர மாதிரி ஆளுங்க இல்லேன்னா நமக்குக் கட்சியே இல்ல" என்றாள். கைதட்டினார்கள். முன்வரிசையில் தபேயா மற்றவர்களைவிட நீளமாகத் தட்டினாள்.

யோஸ்வா நிலவறைச் சனிக்கிழமைகளைப் பற்றிச் சொன்னார். சிரித்தார்கள். குல்லிஸ்ஸாத்தைப் பற்றிச் சொன்னார். அமைதியானார்கள். அங்கே இறங்கியிருக்க வேண்டும். அவருக்கும் அது தெரிந்தது. ஆனால் மன்றத்தின் கோடியில், கதவுக்குப் பக்கத்தில், வில்லையில்லாத சட்டையில் பாவியா நிற்பதை அப்போதுதான் பார்த்தார்.

"நான் கட்சிக்கு வந்தது ஒரு சுரங்கத்த மூடினாங்கங்கிற கோவத்துல" என்றார். "அன்னிக்கு எங்கள யாரும் அடிக்கல. நல்ல கப்பலா அனுப்பினாங்க. கதகதன்னு வீடு கொடுத்தாங்க. வேலை மட்டும் இல்ல. எங்கப்பா அதுலதான் செத்தாரு. இப்ப நாம, நம்ம கையாலயே, தெறக்குறதுக்கு முன்னாலயே ஒரு சுரங்கத்த மூடச் சொல்றோம். இந்த ஊர்ல இருக்கிற புள்ளைங்க எல்லாம் எந்தக் கப்பல்ல போவாங்கன்னு யாராச்சும் யோசிச்சோமா? டென்மார்க் காசு வேண்டாம்னு நாப்பது வருஷமா கத்துறோம். அந்தக் காசு வேண்டாம்னா வேற காசு எங்கேருந்து வரும்? ஆட்ட வித்தா ஒரு நாட்ட நடத்த முடியுமா?"

கடைசி வரியைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அது வாயை விட்டு வெளியேறும்போதே உணர்ந்தார்.

பின்சுவரிலிருந்து ஏனோக் இரண்டடி முன்னால் வந்தான். அவன் கத்தவில்லை. "அத்தான்" என்றான். "என் ஆட்டுக்கறிய நீங்க இத்தனை வருஷமா தின்னீங்க. காசு வாங்கினேனா? மலைய ஒடைச்சா அந்தத் தூசி எங்க வந்து எறங்கும்? என் புல்லு மேல. அப்புறம் என் கறிய எவன் வாங்குவான்? நீங்க வாங்குவீங்களா? உங்க பேத்திக்குக் கொடுப்பீங்களா?"

"மச்சான், நான் அதச் சொல்லல..."

"கம்பெனி சம்பளம் வீட்டுக்குள்ள வருதுல்ல, அப்படித்தான் பேசத் தோணும்" என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். அவளை யோஸ்வாவுக்குத் தெரியும். அவளுடைய வீட்டுக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர் அவர். சிலர் சிரித்தார்கள். பாவியா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். அர்னாக் ஒலிபெருக்கியைப் பக்குவமாக வாங்கிக்கொண்டு, நம் கட்சியில் யாரும் எதையும் பேசலாம், அதுதான் நம் பலம் என்றாள். அதற்குக் கைதட்டினார்கள்.

மேடையிலிருந்து இறங்கியபோது தபேயா காப்பி ஊற்றப் போயிருந்தாள். எல்லோருக்கும் ஊற்றினாள். அவருக்கும் ஊற்றினாள், கண்ணைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்து மேலங்கியைக் கழற்றாமலே கேட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நானே நெனைக்கல. வாய்ல வந்துடுச்சு."

"நாப்பது வருஷமா வராதது, நூறு பேர் முன்னாடி வந்துச்சா?"

"பாவியா போகப் போறான் தபேயா. ஆல்போர்க்குக்கு. குழந்தைங்களோட."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். குளிர்பதனப் பெட்டியின் இரைச்சல் நின்று, மறுபடி தொடங்கியது.

"அவன் என்கிட்ட சொல்லல."

"உன்கிட்ட சொல்ல பயம்."

"பயமா? நான் என்ன பேயா?" குரல் உடைந்தது, உடனே சரிப்படுத்திக்கொண்டாள். "கேளு. அன்னிக்குக் கோபன்ஹேகன்ல எவனோ மூடினான். உங்கள ஒரு வார்த்த கேட்டானா? இன்னிக்கு நாம முடிவு பண்றோம். நம்ம மண்ணு, நம்ம தண்ணி, நம்ம ஓட்டு. இதுக்குத்தான அந்தப் புகைக்குள்ள ஒக்காந்திருந்தோம்?"

"நாமளே மூடினா வலிக்காதா?"

அவள் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அது நழுவி விழுந்தது. எடுக்காமல் படுக்கையறைக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகான நாட்களில் யோஸ்வாவைக் கட்சியிலிருந்து யாரும் விலக்கவில்லை. வாக்குச்சாவடியில் கட்சி சார்பாக உட்காரும் வேலை ஒவ்வொரு தேர்தலிலும் அவருடையது. இந்த முறை வேறொருவருக்குப் போயிருந்தது. கடையில் ஆட்கள் வணக்கம் சொன்னார்கள், நிற்கவில்லை. சுரங்கம் வேண்டும் என்பவர்களோ முன்பின் பழக்கமில்லாதவர்கள்கூட வந்து தோளில் தட்டினார்கள். ஒருவன், எதிர்க்கட்சியில் பலகாலம் இருந்தவன், "கடைசில வழிக்கு வந்தீங்க பெருசு" என்றான். யோஸ்வாவுக்கு அந்தத் தட்டு எலும்பு வரை கூசியது. இவர்களோடு சண்டைபோட்டே அவர் வாழ்நாள் போயிருந்தது. இவர்கள்தான் ஒவ்வொரு முறையும், பொறுங்கள், மெதுவாகப் போவோம் என்றவர்கள்.

தேர்தலன்று காலை தபேயா அவருக்காகக் காத்திருந்தாள். வழக்கம்போல் இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். வழுக்கும் இடங்களில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளி விளையாட்டுக் கூடத்தில், கூடைப்பந்துக் கோடுகளின் மேல் மறைப்புகள் நின்றன. யோஸ்வா திரையை இழுத்துவிட்டுக்கொண்டு சீட்டை விரித்தார்.

அவர் முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தார். சுரங்கத்தை ஆதரிக்கும் கட்சியின் பெயர் மேலேயே இருந்தது. பென்சிலை அங்கே கொண்டுபோனார். பாவியாவின் இளைய பெண், முன்பல் விழுந்தவள், அவருடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பது நினைவுக்கு வந்தது. இதில் ஒரு குறி. அவ்வளவுதான். யாருக்கும் தெரியப் போவதில்லை. பென்சில் தாளைத் தொடவில்லை. பக்கத்து மறைப்பில் தபேயா இருமினாள். அந்த இருமலை அவர் நாற்பத்தைந்து வருடமாகக் கேட்டிருக்கிறார். கை கீழே இறங்கி, தன் கட்சியின் பெயருக்கு எதிரே, ஓர் இடம்கூடக் கிடைக்காத அந்த முதல் தேர்தலில் போட்டதுபோலவே, அழுத்தமாகப் பெருக்கல் குறி போட்டது. மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்து தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். குளிர் என்று நினைத்துத் தபேயா தன் கழுத்துத் துணியை அவருக்குச் சுற்றிவிட்டாள்.

மறுநாள் காலை வானொலி கட்சி ஜெயித்ததைச் சொன்னது. உலகம் முழுக்க நர்சாக்கின் மலையைப் பற்றிப் பேசினார்கள். தபேயாவின் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. கேக்கும் காப்பியுமாகக் கட்சிக்காரர்கள் வீடு நிறைய வந்தார்கள். ஏனோக் ஒரு ஆட்டுத் தொடையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "அத்தானுக்கு" என்று மட்டும் சொன்னான். சண்டை தீர்ந்தது என்ற பொருளா, குத்தலா என்று யோஸ்வாவுக்குப் புரியவில்லை. தபேயா எல்லோரையும் கட்டிக்கொண்டாள், சிரித்தாள். நடுவில் ஒருமுறை குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

பாவியா வரவில்லை. யோஸ்வாவே மாலையில் அவன் வீட்டுக்குப் போனார். மகன் கூடத்தில் மண்டியிட்டு, குழந்தைகளின் இரட்டைக் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தான். யோஸ்வா செய்து கொடுத்த கட்டில்.

"இப்பவேவா?"

"வாங்கறதுக்கு ஆள் கெடச்சிருக்கு." பாவியா திருகாணிகளை ஒரு கோப்பையில் போட்டான். "அப்பா, அன்னிக்கு நீங்க பேசினது... வெளில போனேன்ல, கோவத்துல போகல. அங்க நின்னா அழுதிருப்பேன். நான் பொறந்த நாள்லேருந்து நீங்க கட்சிக்காகத்தான் பேசி நான் கேட்டிருக்கேன். எனக்காகப் பேசினது அன்னிக்குத்தான்."

யோஸ்வா கட்டிலின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தார். மகன் சும்மா கேட்பதுபோல், தலையைத் தூக்காமல் கேட்டான்.

"யாருக்குப் போட்டீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அது நல்ல பொய்யாகவே இருந்திருக்கும். மகன் அதை ஆல்போர்க் வரை பத்திரமாகக் கொண்டுபோயிருப்பான்.

"கட்சிக்குத்தான்" என்றார் யோஸ்வா.

பாவியாவின் கை நின்றது. பிறகு மறுபடி திருகத் தொடங்கியது. "அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்குங்க" என்றான். கட்டில் முழுதும் பிரிந்து பலகைகளாகும் வரை யோஸ்வா மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கோடைக்காலத்தில் கம்பெனியின் அலுவலகம் ஆளில்லாமல் போனது. பாவியாவும் மனைவியும் குழந்தைகளும் ஒரு மூடுபனிக் காலையில் ஹெலிகாப்டருக்காக நாள் முழுக்கக் காத்திருந்து, மாலையில் பனி விலகியதும் போனார்கள். தபேயா பேத்திகளின் பைகளில் உலர்த்திய மீனைத் திணித்தாள். மகனைக் கட்டிக்கொண்டு எதையோ காதில் சொன்னாள். அவன் தலையாட்டினான். யோஸ்வாவின் கையை மரியாதையாகக் குலுக்கினான், அவ்வளவுதான். யுரேனியம் உள்ள கல்லைத் தோண்டக் கூடாது என்று அந்த நவம்பரில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அந்த வாரத்தில் பாவியாவின் தெருவில் இன்னொரு குடும்பமும் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டுப் போயிருந்தது.

பாவியாவின் வீட்டை வாங்க யாரும் வரவில்லை. உறைபனி இறுகுவதற்குள் குழாய்களில் உள்ள நீரை வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும். இருவரும் ஒரு பகல்பொழுதில் போனார்கள். சூடேற்றியை ஏற்கெனவே அணைத்திருந்ததால் மூச்சு வெள்ளையாக வந்தது. யோஸ்வா கீழே போய் முதன்மைக் குழாயை மூடி, வடிகாலைத் திறந்தார். மேலே தபேயா ஒவ்வொரு குழாயாகத் திறந்துவிட்டாள். சுவருக்குள் நீர் இறங்கும் ஓசையும், காற்று புகுந்து விக்கும் ஓசையும் கேட்டன. சமையலறைச் சுவரில் சின்னப் பெண்ணின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் இருந்தன. கீழிருந்து ஏறி வந்த யோஸ்வா அவற்றைத் தாண்டி, மாடிப்பக்கம் பார்த்து அழைத்தார்.

"என்ன, தண்ணி நின்னுடுச்சா?"

மாடியேறிப் போனார். தபேயா குளியல்தொட்டியின் விளிம்பில், மேலங்கியோடு உட்கார்ந்திருந்தாள். குழாய்க்கடியில் உள்ளங்கையைக் குவித்து வைத்திருந்தாள்.

"இன்னும் இல்ல" என்றாள்.

அவள் நகர்ந்து இடம்விட, அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். விளிம்பின் குளிர் துணிக்குள் ஏறியது. குழாயின் வாயில் ஒரு சொட்டு மெதுவாகத் திரண்டது, கனத்தது, விழாமல் நின்றது.